தடுப்பூசிக்குப் பரிசு தகுமா?

ஜனங்களின் நன்மைக்காகச் சர்க்கார் இலவசமாக வழங்கும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதற்கு அந்த ஜனங்களுக்கே பணமோ பரிசோ கொடுக்கலாமா என்ற கேள்வி, கொரோனா காலத்தில் உலகெங்கும் எழுந்து, சட்டசபைகளிலும் பத்திரிகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதம் ஓயுமுன்பே, போட்ட ஊசி போதுமா, மூன்றாவது ஒன்றும் வேண்டுமா என்ற கேள்வியும் வந்து சேர்ந்தது. இவ்விரண்டையும் தனித்தனி விஷயங்களாகவே பெரும்பாலோர் பேசினார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஏனெனில் முதல் ஊசிக்கு வந்தவர்களில் பலர் அடுத்தடுத்த ஊசிகளுக்கு வருவதில்லை என்பதே தடுப்பூசி இயக்கங்களின் மிகப் பழைய சங்கடம்.

இதைத் தெளிவாகக் காட்டும் அனுபவம் கொரோனாவுக்கு வெகு காலம் முன்பே நம் தேசத்தில் கிடைத்திருக்கிறது. ராஜஸ்தானத்தின் உதயப்பூர் ஜில்லாவில், சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் சகாக்களுடன் 134 கிராமங்களில் ஒரு பரிசோதனை நடத்தி, அதன் முடிவை 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். சில கிராமங்களில் மாதந்தோறும் தவறாமல் ஊசி முகாம் நடந்தது. வேறு சிலவற்றில் அதே முகாமோடு, ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் முடிந்தபின் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுக்கப்பட்டன. மற்ற கிராமங்கள் பழையபடியே விடப்பட்டன. ஒன்றும் செய்யாத கிராமங்களில் 100-க்கு 6 குழந்தைகளே எல்லா ஊசிகளையும் பெற்றிருந்தன. முகாம் மட்டும் நடந்த இடங்களில் 18. பருப்பும் கொடுத்த இடங்களில் 39. வேண்டாத செலவு என்று தோன்றுகிற அந்தப் பருப்பு, உண்மையில் செலவைக் குறைத்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது: செவிலியின் சம்பளம் எத்தனை குழந்தைகள் வந்தாலும் ஒன்றேயாதலால், கூட்டம் பெருகப் பெருக, முழுமையாக ஊசி பெற்ற ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு சுமார் 56 டாலரிலிருந்து 28 டாலராக இறங்கிவிட்டது.

அந்தத் தாய்மார்கள் தடுப்பூசியை வெறுத்தவர்கள் அல்லர். வெறுத்திருந்தால் ஒரு கிலோ பருப்பு அவர்கள் மனத்தை மாற்றியிராது. ஒரு நாள் கூலியை இழந்து, வெயிலில் குழந்தையைச் சுமந்து, அன்றிரவு அதற்குக் காய்ச்சல் வந்தால் கண்விழிக்க வேண்டிய கஷ்டம் அவர்கள் கண்முன் நின்றது. என்றோ வரக்கூடிய வியாதி வராமற்போவதன் பிரயோஜனமோ கண்ணுக்குத் தெரியாதது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் சுபாவத்தை இன்றைக்கே வர ஒரு சிறு காரணம் வென்றது. இதை லஞ்சம் என்று சொல்வோர் அந்தத் தாயின் ஒரு நாள் கூலியைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை.

2021-ல் இந்த யுக்தியைச் செல்வந்த நாடுகளும் கையாண்டன. அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் கவர்னர் மைக் டிவைன், ஊசி போட்டுக்கொண்டவர்களில் வாரத்துக்கு ஒருவராக ஐந்து பேருக்குத் தலா பத்து லட்சம் டாலர் குலுக்கலில் கிடைக்கும் என்று மே 12 அன்று அறிவித்தார். ஊசி போடுவோர் தொகை உடனே ஏறியது உண்மை. ஆனால் 12 முதல் 15 வயதுச் சிறுவர்களுக்கு ஊசி அனுமதிக்கப்பட்டதும் அதே வாரத்தில்தான். பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் குலுக்கல் இல்லாத மாகாணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதனால் பயன் விளைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஓரளவு பயன் இருந்ததென்று கண்டவர்களும் உண்டு. ஸ்வீடனில் சுமார் 8,000 பேரிடம் நடந்த பரிசோதனையோ இதைவிட நிச்சயமான விடையைத் தந்தது. ஊசி போட்டுக்கொண்டால் 200 குரோனார், அதாவது ஏறக்குறைய 24 டாலர், என்ற வாக்குறுதி, ஊசி போட்டுக்கொண்டோர் விகிதத்தைச் சுமார் 72 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு உயர்த்தியது. கோடியில் ஒருவனாகும் கனவைவிடக் கைக்கு நிச்சயமாக வரும் சிறு தொகையே மேல் என்று இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுகிறது.

நம் தமிழ்நாட்டிலும் 2021 ஜூனில், சென்னையை அடுத்த கோவளம் மீனவக் கிராமத்தில், தொண்டர்கள் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பிரியாணி வழங்கியதோடு, குலுக்கலில் தங்க நாணயம் முதலான பரிசுகளையும் அறிவித்தார்கள். ஆயினும் நம் மாகாணத்தில் பெரிய காரியம் செய்தது பரிசு அன்று; அருகாமை. செப்டம்பர் 12 அன்று சுமார் 40,000 இடங்களில் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு, ஊசி போட்டால் புலாலும் மதுவும் ஆகாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பலர் தயங்குகிறார்கள் என்பதை அறிந்து, சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். ஜனங்களின் தயக்கத்துக்குக் காரணம் என்னவென்று விசாரித்து அந்தக் காரணத்தை நீக்குவதே எந்தப் பரிசுக்கும் முந்திய கடமை.

பரிசு கொடுத்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் பிறக்கும், இதில் ஏதோ அபாயம் இருப்பதால்தான் பணம் தருகிறார்கள் என்று நினைப்பார்கள், அடுத்த முறை பணமின்றி வரமாட்டார்கள் என்ற ஆட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆனால் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இதை நேராகச் சோதித்து 2023-ல் நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சி, பின்னாளில் ஊசிக்கு வருவதிலோ, அதன் பாதுகாப்பைப் பற்றிய எண்ணத்திலோ எவ்விதக் குறைவையும் காணவில்லை. நிர்ப்பந்தம் வேறு விஷயம். எவரையும் பலவந்தமாக ஊசி போட்டுக்கொள்ளச் செய்யலாகாது என்றும், ஊசி போடாதவர்கள்மேல் மாகாணங்கள் விதித்திருந்த தடைகள் அன்றைய நிலைமைக்குப் பொருத்தமானவை அல்ல என்றும் நம் சுப்ரீம் கோர்ட் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. பரிசை மறுத்துவிட்டுப் போகிறவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. தண்டனையை அப்படி மறுக்க முடியாது.

இனி, பூஸ்டர் எனப்படும் மூன்றாவது ஊசி. தடுப்பூசி உடலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் சில மாதங்களில் குறைந்து, தொற்றைத் தடுக்கும் சக்தி தளர்கிறது. நோயை நினைவில் வைத்திருக்கும் உயிரணுக்களோ நெடுங்காலம் தங்கி, நோய் முற்றாமல் காக்கின்றன. ஆகவே, பூஸ்டர் வேண்டுமா என்பதற்கு விடை, தொற்றையே தடுக்க நினைக்கிறோமா, மரணத்தைத் தடுக்க நினைக்கிறோமா என்பதைப் பொறுத்தது. இஸ்ரேல் 2021 ஜூலை இறுதியில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதைத் தொடங்கியது. போட்டுக்கொண்ட முதியோரிடையே கடுமையான நோய் பன்மடங்கு குறைந்ததாகக் கண்டார்கள். அமெரிக்காவில் ஜனாதிபதி பைடன், நிபுணர்கள் கூடி ஆராய்வதற்கு முன்பே, வயது வந்த எல்லாருக்கும் செப்டம்பரில் பூஸ்டர் என்று அறிவித்துவிட்டார். செப்டம்பர் 17 அன்று கூடிய நிபுணர் குழு, 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்ற யோசனையை 16-க்கு 2 என்ற வாக்குகளால் நிராகரித்து, 65 வயது கடந்தவர்களுக்கும் ஆபத்து மிகுந்தவர்களுக்கும் மட்டும் ஏகமனதாகச் சம்மதித்தது. அதற்குச் சில தினங்கள் முன்பு, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த நம் சௌமியா சுவாமிநாதனும் பிறரும் சேர்ந்து லான்செட் சஞ்சிகையில், பொதுமக்கள் அனைவருக்கும் பூஸ்டர் தேவை என்பதற்கு அப்போதைய சான்றுகள் போதா என்று எழுதியிருந்தார்கள். ஏழை நாடுகளில் முதல் ஊசியே கிட்டாதவர்கள் கோடிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நவம்பர் இறுதியில் ஓமிக்ரான் என்ற புதிய வகைக் கொரோனா தோன்றியபின் நிலைமை மாறிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அறிவிப்பு முந்தி, ஆராய்ச்சி பிந்தினால், பிறகு ஆராய்ச்சி சரியானதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பத் தயங்குவார்கள்.

நம் தேசத்தில் 2022 ஜனவரி 10 முதல் சுகாதார ஊழியர்களுக்கும், முன்களப் பணியாளர்களுக்கும், நோயுள்ள முதியோருக்கும் முன்னெச்சரிக்கை டோஸ் என்ற பெயரில் மூன்றாவது ஊசி இலவசமாக வழங்கப்பட்டது. இவ்வரிசை நியாயமானது. ஏப்ரல் 10 முதல் 18 வயது கடந்த மற்றவர்கள் தனியார் மையங்களில் பணம் கொடுத்துப் பெறலாம் என்றார்கள். ஊசிக்கு 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. இரண்டு ஊசிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு மூன்றாவதற்கு விலை வைத்தபோது, அது அவசியமன்று என்று சர்க்காரே சொன்னதாக ஜனங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. ஜூலை நடுவில் கணக்குப் பார்த்தபோது, 18 முதல் 59 வயதுள்ள சுமார் 77 கோடிப் பேரில் 100-க்கு ஒருவர்கூட அதைப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு இலவசம் என்று அறிவிக்க நேர்ந்தது.

அடுத்த தொற்று வரும்போதும் சர்க்கார் ஊசி போடச் சொல்லும். அப்போது, யாருக்கு அவசியம், எதைத் தடுப்பதற்காக, எந்தச் சான்றின்மேல் என்பதை நிபுணர்கள் பகிரங்கமாக விவாதித்து முடிவு செய்த பின்னரே அறிவிக்கட்டும். அவசியமென்று தீர்ந்தவர்களுக்கு விலையில்லாமல், வீட்டருகே, ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.