வேகமாக ஓடும் படகு... சீக்கிரமே சாகும் எஞ்சின்! வாரண்டி அட்டை கைகொடுக்குமா?

சென்னை காசிமேடு மீன்பிடி துறைமுகம். ஏப்ரல் 15 வந்துவிட்டால் விசைப்படகுகள் வரிசை கட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஒரு பக்கம் பெயிண்ட் அடிப்பு, பலகை மாற்று. இன்னொரு பக்கம் எஞ்சினை அக்கு அக்காகக் கழற்றும் வேலை.

அப்போதுதான் சில படகு முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும்!

பிஸ்டன் உருகிக் கிடக்கும். வால்வு கருகிப் போயிருக்கும். "போன வருஷம் வாங்கின எஞ்சின்தானே, வாரண்டி இருக்குதே" என்று அட்டையைத் தேடி எடுப்பார்கள். கம்பெனி ஆள் வருவார். மணி காட்டும் மீட்டரைப் பார்ப்பார். "இது செல்லாதுங்க" என்பார். கடன் வாங்கிப் போட்ட பல லட்சம் அம்போ!

ஏன் இப்படி?

ஒரே எஞ்சின்... பல ஆயுள்!

எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரை சக்தி?" என்பதுதான். முதலில் கரை சேர்ந்தால் ஏலத்தில் நல்ல விலை. அதனால் வேகம் வேண்டும். ஆனால் அந்தக் குதிரை எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்பவர்கள் குறைவு.

கம்மின்ஸ் கம்பெனியின் 6.7 லிட்டர் கடல் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே எஞ்சின் சுமார் 250 குதிரை சக்தியிலும் வருகிறது. 550 குதிரை சக்தியிலும் வருகிறது. இரும்பு ஒன்றுதான். கூடுதலாக டீசலும் காற்றும் திணித்துப் பிழிந்து எடுப்பதுதான் வித்தியாசம்.

உல்லாசப் படகுக்கான அதிக சக்தி ரகத்துக்கு நிபந்தனை உண்டு. 8 மணி நேரத்தில் 1 மணி நேரம்தான் முழு வேகம். மீதி நேரம் சுற்றைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். வருஷத்துக்கு 500 மணி நேரம் வரைதான் கணக்கு. ராப்பகலாக உழைக்கும் எஞ்சின் ரகமே வேறு.

இப்போது மீன்பிடி படகுக்கு வருவோம். நாளைக்கு 20 மணி நேரம் எஞ்சின் ஓடினால், 10 நாள் தொழிலில் 200 மணி. மூன்றாவது தடவை கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் 500 மணி காலி!

ஸ்பீடு போட் தண்ணீர் மேல் எழும்பிப் பறக்கும். இழுவைப் படகோ வலையைக் கட்டி இழுக்கிறது. எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் ஏது?

240... எப்படி வந்த 240?

2020-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள்படி, விசைப்படகு எஞ்சின் 240 குதிரை சக்தியைத் தாண்டக் கூடாது. அந்த 240-ஐ சின்ன எஞ்சினைப் பிழிந்தும் எடுக்கலாம். பெரிய எஞ்சினில் இருந்து ஆற அமரவும் எடுக்கலாம். முதல் ரகம் விலை மலிவு, ஆயுள் குறைவு. இரண்டாவது ரகம் விலை ஜாஸ்தி, நீடித்து உழைக்கும்.

கரும்புகை வந்தால் உஷார்!

புரொப்பல்லர் பெரிசாக இருந்தாலும் ஆபத்துதான். டாப் கியரிலேயே மேடு ஏறும் பஸ் மாதிரி எஞ்சின் திணறும். சுற்று ஏறாது. டீசல் சரியாக எரியாமல் கரும்புகை கக்கும். உள்ளே சூடு எகிறும்.

பரீட்சை சுலபம். முழுச் சுமையோடு முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். கம்பெனி சொன்ன சுற்றை எஞ்சின் எட்டவில்லை என்றால், புரொப்பல்லரை மாற்றுங்கள். சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஓட்டினாலே சுமை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

எஞ்சினே சாட்சி!

வாரண்டியில் மாசக் கணக்கும் இருக்கும், மணிக் கணக்கும் இருக்கும். எது முந்துகிறதோ அதோடு சரி. தடைக்காலத்தில் படகு சும்மா நின்றாலும் மாசம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்! உல்லாசத்துக்கு என்று விற்ற எஞ்சினைத் தொழிலுக்குப் போட்டால் வாரண்டி குறையும், அல்லது அடியோடு போகும்.

பொய் சொல்லித் தப்பவும் முடியாது. எலக்ட்ரானிக் எஞ்சினில் எத்தனை மணி ஓடியது, எவ்வளவு சுமை, எப்போது சூடேறியது எல்லாம் பதிவாகி இருக்கும். உப்புத் தண்ணீரால் வரும் அரிப்பு, ரப்பர் இம்பெல்லர் தேய்மானம் ஆகியவை பொதுவாக வாரண்டியில் சேராது.

சட்டம் என்ன சொல்கிறது?

தப்பு விற்றவர் பக்கம் இருந்தால்? தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் மடக்கப் பார்ப்பார். பயப்பட வேண்டாம். பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த பணம் 50 லட்ச ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். உதவிக்கு 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

1930 சரக்கு விற்பனைச் சட்டமும் துணைக்கு வரும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும்.

ஆனால் வாயால் சொன்னது ஆணையத்தில் நிற்பது கஷ்டம். எஞ்சின் எந்த ரகம், வருஷத்துக்கு எத்தனை மணி என்பதை எழுதி வாங்குங்கள். கடலில் ஓட்டிப் பார்த்த அறிக்கையையும் ஆயில், பில்டர் மாற்றிய ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். முக்கியமாக, பில்லில் 'மீன்பிடி விசைப்படகுக்கு' என்ற வார்த்தை இல்லாவிட்டால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்!