கடிகாரம் யார் கையில்?

மாம்பலத்து அண்ணன் அடையாற்றுத் தங்கையைக் கைபேசியில் அழைக்கிறார். "சாப்பிட்டாயா அம்மா?" என்கிறார். "ஆயிற்று அண்ணா" என்று மறுகணமே பதில் வருகிறது. இந்தப் பேச்சைச் சுமந்தது யார்?

மாடிகளின் மேலே நிற்கின்றனவே கோபுரங்கள், அவை சுமந்தன. புதிய தலைமுறைக் கோபுரங்கள் பல, ஒரே அலைவரிசையில் ஒரு கணம் பேசுகின்றன, மறுகணம் கேட்கின்றன. ஒன்று கேட்கும் வேளையில் பக்கத்துக் கோபுரம் கூவினால் மிஞ்சுவது பேச்சல்ல, கூச்சல்! ஆகவே எல்லாக் கோபுரங்களும் ஒரே நேரம் காட்ட வேண்டும். நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், பொது நேரத்திலிருந்து ஒன்றரைக் கூறுக்கு மேல் பிசகக் கூடாது! மின்சாரத் தடத்தில் பழுது எங்கே பிறந்தது என்று காணவும் இத்தகைய நேரமே துணை.

அந்த நேரத்தைத் தருவது யார்? 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கத் துணைக்கோள்களிடமிருந்தே நம் கோபுரங்கள் பல அதைப் பெறுகின்றன. அவற்றை ஆள்வது அமெரிக்கப் படைத்துறை. காசு கேட்பதில்லை, உண்மை. ஆனால் இரவல் இரவல்தானே! தரையை எட்டும்போது அந்த அலை மிக மெலிந்தது. சிறு கருவி ஒன்று குறுக்கிட்டால் அடங்கிவிடும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா?

இரவல் வாங்கியே பழகிய ஊரா இது? இல்லை, இல்லை! மாம்பலத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் நுங்கம்பாக்கம். அங்கே 1792-இல் எழுந்தது விண்ணாய்வுக் கூடம். அதன் கருங்கல் தூணில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது. விண்மீன் உச்சியைக் கடக்கும் கணத்தைப் பார்த்து அங்கே கடிகாரத்தைத் திருத்தினார்கள். கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி. கருதியது தன் கப்பலையும் நில அளவையையும். ஆனால் இரவெல்லாம் விழித்த கண்களில் நம்மவர் கண்களும் உண்டு. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றையே கண்டறிந்தார்! அந்தக் கூடத்தின் நேரம் தந்திக் கம்பியில் ஓடியது. 1906-க்கு முன் இந்திய ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின!

1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னைக் கடிகாரம் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே நகர்ந்தது. இன்று அந்த நேரத்தைக் காப்பது டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். சீசியம் அணு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை துடித்தால் ஒரு நொடி என்பது அங்கே கணக்கு.

சொந்தக் கடிகாரத்தின் அருமையை இந்தியா பட்டுத்தான் கற்றது. வழிகாட்டும் துணைக்கோள் வரிசையில் 2013-இல் ஏவிய முதலாவதில், அயல்நாட்டில் வாங்கிய மூன்று அணுக்கடிகாரங்களும் சில ஆண்டுகளில் பழுதாயின. 2023 மே 29-இல் ஏவிய துணைக்கோளில்தான் உள்நாட்டு அணுக்கடிகாரம் ஏறியது. முடியாதது என்று ஒன்றில்லை, முனைந்தால்!

இப்போது பொது நேரத்தை நாடெங்கும் பரப்ப ஐந்து ஆய்வுக்கூடங்களுக்குத் திட்டம் வகுத்தார்கள். அகமதாபாத், பெங்களூர், புவனேசுவரம், பரீதாபாத், கவுகாத்தி. பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், சென்னை இல்லை! ரயிலுக்கெல்லாம் நேரம் சொன்ன ஊர் இல்லை!

தனி நேரம் கேட்கிறோமா? இல்லை. நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். அதைக் காக்கும் இடம் பலவாகட்டும் என்கிறோம். ஓரிடம் பழுதானால் மற்றோரிடம் தாங்கும். இது சலுகையல்ல, பாதுகாப்பு!

ஆலைவாயிலில் நின்ற தொழிலாளத் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதியபின் ஒரு நிமிடம் பிந்தினால் கூலியில் கை வைப்பார்கள். ஆலைக் கடிகாரம் சரியா, தவறா என்று கேட்க அவருக்கு வழி ஏது? கடிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொன்னதே நேரம். நம் கடிகாரம் நம் கையிலும் இருக்கட்டும்!