கேணி பொது, படம் பொதுவல்ல

ஆடி அமாவாசை நெருங்கினால் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியின் படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிடும். பத்திரிகையின் இணையப் பதிப்பில் வந்த படத்தை எடுத்து, ஓரத்தை வெட்டி, அங்கிருந்த பெயரை நீக்கி, தங்கள் சின்னத்தைப் பொறித்து வெளியிடுவோர் பலர். கேட்டால், "எங்கட ஊர்க் கோயில், எங்கட கேணி, படத்துக்கு ஆரிட்ட உத்தரவு கேக்கிறது?" என்பார்கள். கேணி பொதுதான், மறுப்பில்லை. ஆனால் விடியற்காலையில் கடலோரம் காத்து நின்று, வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து எடுத்த படம் ஒருவரின் உழைப்பு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காப்பது அந்த உழைப்பைத்தான். இதற்குப் பதிவு தேவையில்லை. படம் பிறக்கும்போதே உரிமையும் பிறக்கிறது, எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கிறது. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின்போது எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், நிறுவனத்துக்குப் போகும். தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையோ எடுத்தவரிடமே இருக்கும். ஆகவே அனுமதியை நிறுவனத்திடம் கேட்டாலும், பெயரைப் படம்பிடித்தவருக்கே கொடுக்க வேண்டும்.

"இணையத்தில் தாங்களே போட்டதுதானே" என்பது அடுத்த வாதம். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தைப் படம்பிடித்த டானியல் மொரெல் தன் படங்களை ட்விட்டர் வழியாகத்தான் வெளியிட்டார். அவரிடம் கேட்காமல் ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி நிறுவனமும் அவற்றை விநியோகித்தன. 2013இல் நியூயோர்க் நடுவர் குழு அவருக்கு 12 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தது. பார்க்கக் கொடுத்ததை எடுத்து விற்கக் கொடுத்ததாகக் கொள்ள முடியாது. "நாங்கள் காசுக்குச் செய்யவில்லை" என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை நமது சட்டமே ஏற்கிறது. தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ளவும் விடுகிறது. ஆனால் நோக்கத்தோடு, எடுத்த அளவும் உரிமையாளரின் சந்தைக்கு நேரும் பாதிப்பும் சேர்த்தே பார்க்கப்படும். பாடத்தில் ஒரு படத்தைக் காட்டும் ஆசிரியரையும், அதே படத்தை விளம்பரத்தில் போடும் விடுதியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள படங்கள்கூடப் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் இலவசம்: எடுத்தவரின் பெயரும் உரிமத்தின் பெயரும் கூடவே வரவேண்டும்.

கீரிமலைக்குப் படத்தோடு அதன் பெயரும் விபரமும் நிலைப்பது பணத்தைவிடப் பெரிய விடயம். 1990 ஒக்டோபரில் நகுலேஸ்வரர் கோயில் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிய அந்த மண்ணை மக்கள் பல ஆண்டுகள் இயல்பாகச் சென்று பார்க்க முடியவில்லை. அதற்கு முந்திய கீரிமலை இன்று எஞ்சியிருப்பது பழைய மலர்களிலும் பத்திரிகைகளிலும் குடும்பப் பெட்டிகளிலும்தான். யார் எடுத்தார், எந்த ஆண்டு, எந்த இதழ் என்ற மூன்றும் உதிர்ந்த படம் வெறும் அழகுப் படம்; அது சான்றாக நிற்காது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஒவ்வொரு பிரதியையும் நூல் விபரத்தோடு அடுக்கி வைத்திருப்பதன் பெறுமதி இங்கேதான் தெரியும். அங்கே வாசிக்கக் கிடைக்கும் மலரிலிருந்து படத்தை மட்டும் உருவிப் பெயரில்லாமல் பரப்புகிறவர், ஊரின் பெருமையைப் பரப்புவதாக நினைத்துக்கொண்டு அதன் வரலாற்றைத்தான் அழிக்கிறார்.

படம் களவு போனவர் முதலில் இணைய முகவரியும் திகதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, மூலக் கோப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். பின்னர் எழுத்தில் கேட்கலாம். பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். முகநூல் போன்ற தளங்களில் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் உண்டு, செலவில்லை. அதற்கும் மசியாதவர்மீது வழக்குத் தொடர்ந்து தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். வேண்டுமென்றே மீறியது குற்றமாக நிரூபணமானால் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர் ஒருவர் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றம் வரை போய் வழக்காடுவது எளிதல்ல என்பதும் உண்மை. அதனால்தான் பகிர்பவரின் பொறுப்பு கூடுகிறது. வரும் ஆடி அமாவாசைக்குப் படம் பகிரும்போது ஓரத்திலுள்ள பெயரை வெட்டாதீர்கள். யாருடையது என்று தெரியாவிட்டால், படத்தை எடுக்காமல் அது வந்த பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.