புற்றுநோய்: தடுப்பு நம் வீட்டிலேயே தொடங்குகிறது

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர் பிழைப்புக்காகப் பலர் பங்காருபேட்டை வழியாக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று வருகின்றனர். அங்கு 1973-இல் நிறுவப்பெற்ற கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையை நாடிச் செல்வோருக்கும் அதுவே வழி. நோய் முற்றிய பின் செல்வோருக்குச் சிகிச்சை கடினமாகிறது. குடும்பத்தின் சேமிப்பும் கரைகிறது. ஆனால், புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

புகையிலையும் பாக்கும்

இந்திய ஆண்களை மிகுதியாகத் தாக்குவது வாய்ப் புற்றுநோய். 2016-17-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 21.4 விழுக்காட்டினர் மெல்லுதல் முதலிய வழிகளில் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகையிலை சேராத பாக்கு தீங்கற்றது என்பது தவறான எண்ணம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் உறுதிப்படுத்தியது. நாளொன்றுக்கு 25 ரூபாயைப் பாக்குப் பொட்டலங்களுக்குச் செலவிடுபவர், ஓராண்டில் 9,125 ரூபாயை இழக்கிறார். அத்தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தலாம். பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிகாத் தூளும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். அத்தூளைச் சுவாசித்தவர்கள் புகைபிடித்தால் ஆபத்து மேலும் பெருகும். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் தம் பழைய பணியைப் பற்றி மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.

உணவும் உழைப்பும்

கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, கீரை ஆகியவை இவ்வட்டாரத்தின் பழகிய உணவுகள். இவற்றிலுள்ள நார்ச்சத்து பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. நாள்தோறும் 400 கிராம் காய்கறிகளும் பழங்களும் உண்பது நலம். பதப்படுத்திய இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. உடற்பருமன் மார்பகம், கருப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பை மிகுவிக்கிறது. ஆதலால் வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும்.

காலத்தே பரிசோதனை

நல்ல பழக்கங்கள் ஆபத்தைக் குறைக்குமேயன்றி, முற்றிலும் நீக்கிவிடா. நல்லொழுக்கத்துடன் வாழ்ந்தவர்க்கும் நோய் வரக்கூடும். ஆகவே நோயுற்றவரைக் குறை கூறுதல் முறையன்று. மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறப்பதில் சிரமம், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு ஆகியவற்றைப் புறக்கணிக்கலாகாது. 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்ப் பரிசோதனையை நடத்துவது அரசின் திட்டத்தில் அடங்கும். வலி தோன்றும்வரை காத்திராமல், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பற்றிக் கேட்டறியுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.