முட்டைக் கருவில் வரைந்த முகங்கள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் கோழிப் பண்ணைகள். முட்டையை நாம் வேகவைக்கிறோம், பொரிக்கிறோம். 700 ஆண்டுகளுக்கு முன் இத்தாலி ஓவியர்கள் அதன் மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்து மாதாவையும் குழந்தை இயேசுவையும் வரைந்தார்கள்.

2025-இல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் அப்படி வரைந்த, இத்தாலியின் சியேனா நகரத்து ஓவியங்களின் கண்காட்சி நடந்தது. துச்சோ என்பவர் 1311-இல் அந்த நகரத்துப் பேராலயத்துக்காக முடித்துக் கொடுத்த 'மயேஸ்தா' என்ற பெரிய மரப்பலகை ஓவியத்தை 1771-இல் அறுத்துப் பிரித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய இழப்பு! துண்டுகள் பல நாடுகளுக்குச் சிதறின. பின்புறத்தின் அடிவரிசையில் இருந்தவற்றில் மிஞ்சிய 8 துண்டுகள் இந்தக் கண்காட்சியில் மீண்டும் அருகருகே நின்றன.

மஞ்சள் கருவில் தண்ணீர், கொழுப்பு, புரதம் மூன்றும் இருக்கின்றன. தண்ணீரும் கொழுப்பும் பிரிந்துவிடாமல் லெசித்தின் என்ற பொருள் பிடித்துவைக்கிறது. வண்ணம் பூசியதும் தண்ணீர் ஆவியாகிறது. புரதம் இறுகி, வண்ணப் பொடியைப் பலகையோடு ஒட்டிவிடுகிறது. சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுவதால் நிறங்களை இழைத்துக் கலக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழுத்து இழுத்தே முகத்துக்கு நிழல் கொடுத்தார்கள். உருப்பெருக்குக் கண்ணாடியில் அந்தக் கோடுகள் தெரியும்.

சுமார் 1400-இல் ஓவியக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி, இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிர்ந்த கருவையும், வயதானவர் முகத்துக்குக் கிராமத்துக் கோழியின் சிவந்த கருவையும் எடுக்கச் சொல்கிறார். கோழி தின்னும் கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள நிறப்பொருள்களே கருவின் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பார்த்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஓவியங்களில் பலவற்றின் பின்புலம் தங்கத்தகடு. தஞ்சாவூர் ஓவியத்திலும் தங்கம் உண்டு. இத்தாலியர்கள் தங்கத்தின் அடியில் செந்நிறக் களிமண் பூசினார்கள். தங்கம் தேய்ந்த இடங்களில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். அதற்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. கொல்லிமலைச் செம்மண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான்.

சில மாதா படங்களில் முகம் பச்சையாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள்! தோல் நிறத்துக்கு அடியில் முதலில் பச்சை மண் பூசுவது அன்றைய வழக்கம். அதன்மேல் இளஞ்சிவப்பை மெல்லியதாக ஏற்றினார்கள். நூற்றாண்டுகள் போகப்போக மேல்பூச்சு தேய்ந்தும் மங்கியும் போக, அடியிலிருந்த பச்சை வெளியே வந்துவிட்டது. அந்தப் பச்சையும் இரும்புச் சேர்மம்தான். ஒரே இரும்பு, சேர்மம் மாறினால் நிறமும் மாறுகிறது.

நீங்களே செய்து பாருங்கள். செம்மண்ணை நன்கு காயவைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். மஞ்சள் கருவை வெள்ளைக் கருவிலிருந்து பிரித்து, அதன் மெல்லிய தோலைக் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் கிண்ணத்தில் வடியவிடுங்கள். சம அளவு தண்ணீர் விட்டு, மண்ணைக் குழைத்து அட்டையில் தீட்டுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரில் குழைத்த மண்ணால் ஒரு கோடு. இரண்டும் காய்ந்தபின் உலர்ந்த விரலால் தேய்த்து, எது உதிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகாத முட்டையில் கிருமி இருக்கலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.