துணியை விட்டு எழுந்து நிற்கும் பூக்கள்

பூவேலைத் தையல் எமது பெண்களுக்குப் புதியதொன்றல்ல. பாடசாலையில் மனையியல் பாடத்தில் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தலையணை உறையின் மூலையில் ஒரு ரோசாப்பூ, மேசை விரிப்பின் ஓரத்தில் ஒரு கொடி என்று தைத்து வைத்தவர்களும் பலர். ஆனால் அந்தப் பூக்கள் எல்லாம் துணியோடு படிந்து கிடப்பவை. இலை துணியை விட்டு எழுந்து நிற்க, பழம் உருண்டு திரண்டு தெரிய, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்துப் பறக்க ஆயத்தமாக இருப்பதுபோலத் தைக்கும் ஒரு முறையும் உண்டு. புடைப்புப் பூவேலை என்று அதனைச் சொல்லலாம். ஆங்கிலேயர் அதனை ஸ்டம்ப்வேர்க் என்பர்.

இந்த வேலை இங்கிலாந்தில் பெரிதும் செழித்தது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அக்காலத்தில் அதற்கு ஸ்டம்ப்வேர்க் என்ற பெயர் இருக்கவில்லை. எழும்பிய வேலை என்றே சொன்னார்கள். இப்போதைய பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. 1642 முதல் 1651 வரை அந்நாட்டில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் நடந்தது. 1649இல் அரசர் முதலாம் சார்ள்சின் தலை துண்டிக்கப்பட்டது. ஊர்கள் முற்றுகையிடப்பட்டன, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அந்த யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் வசதியுள்ள வீட்டுச் சிறுமிகள் பட்டுத் துணியிலே சிங்கமும் நத்தையும் மயிர்க்கொட்டியும் பழமரங்களும் தைத்து, அவற்றைச் சிறு பெட்டிகளின் மேல் ஒட்டுவித்தார்கள். அந்தப் படங்களில் அளவு முறை எதுவும் கிடையாது. வண்ணத்துப்பூச்சி சில வேளை சிங்கத்தின் தலையளவு இருக்கும். அதுவும் ஓர் அழகுதான்.

ஹனா சிமித் என்ற சிறுமி 1654இல் ஒக்ஸ்போர்ட் நகருக்குச் சென்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கித் தன் பெட்டிக்கான பூவேலையைச் செய்தாள். அங்கே சென்றபோது அவளுக்குப் பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை. 1656இல் லண்டனில் அது பெட்டியாகப் பொருத்தப்பட்டது. பின்னாளில் தனக்கே மறந்துபோனாலும், கேட்பவர்கள் யாராயினும் அறிந்துகொள்ளட்டும் என்று இந்த விபரங்களை ஒரு கடதாசியில் எழுதி அவள் பெட்டிக்குள்ளே வைத்தாள். அந்தப் பெட்டியும் கடதாசியும் இன்றும் மன்செஸ்ரர் நகரத்து விற்வேர்த் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அரசர்களும் தளபதிகளும் எழுதி வைத்தவற்றை விட, இந்தக் கடதாசிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி வேலைக்கு வருவோம். இதற்குத் தையல் இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மரத்தாலான பூவேலை வளையம் ஒன்று, ஐந்து அல்லது ஆறு அங்குலம் போதும். ஆறிழை கொண்ட அங்கர் நூல் இரண்டு மூன்று நிறங்களில். மெல்லிய ஊசி, 10ஆம் இலக்கம் நல்லது. நுனி கூரான சிறிய கத்தரிக்கோல், தலை பருத்த குண்டூசி, சாக்குத் தைக்கும் ஊசி. செயற்கைப் பூ செய்வோரும் கேக் அலங்கரிப்போரும் பயன்படுத்தும் மெல்லிய கம்பி சிறிதளவு. விலை கூடிய பெட்டிச் சாமான்களை ஆரம்பத்திலேயே வாங்க வேண்டாம். கடன் எடுத்து வாங்கவே வேண்டாம். நூல் எப்போதும் ஆறு இழையில் ஓரிழையைப் பிரித்தெடுத்தே தைக்க வேண்டும். நீளம் முழங்கை அளவுக்கு மேற்பட்டால் நூல் முறுக்கி மயிர் எழும்பும்.

முதலாவதாக, குண்டூசியில் நெய்யும் இலையைப் பழகுங்கள். இதற்குக் கம்பியும் தேவையில்லை. குண்டூசியின் தலை இலையின் நுனியாக அமையும்படி துணியில் குத்தி, கூரை இலையின் அடிப்பக்கம் தாண்டி வெளியே எடுங்கள். அடியில் இடப்பக்கம் நூலை மேலே எடுத்து, குண்டூசித் தலையின் பின்னால் சுற்றி, வலப்பக்கம் கீழே இறக்குங்கள். பின்னர் இரண்டுக்கும் நடுவில் மேலே எடுத்து மீண்டும் தலையைச் சுற்றுங்கள். இப்போது மூன்று நூல்கள் கூடாரம்போல நிற்கும். நுனியிலிருந்து தொடங்கி, பாய் இழைப்பது போல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக இடம் வலம் நெய்துகொண்டு அடிவரை வாருங்கள். ஊசியின் கூரால் நெய்தால் நூல் பிளவுபடும். காதுப் பக்கத்தை முன்னே விட்டு நெய்யுங்கள். ஓரங்களை இறுக்கி இழுத்தால் இலை இடுப்புச் சிறுத்துப் போகும். அடிக்கு வந்ததும் நூலைக் கீழே இறக்கி முடித்து, குண்டூசியை உருவிவிடுங்கள். நுனி துணியை விட்டு விடுபட்டு நிற்கும். ஐந்து இலைகளை வட்டமாக நெய்து நடுவில் ஒரு மணி வைத்தால் அதுவே ஒரு பூ.

அடுத்தது பஞ்சணை வேலை. மாதுளம்பழம், நாவற்பழம் போன்ற உருண்ட வடிவங்களுக்கு உள்ளே திரட்சி வேண்டும். ஃபெல்ட் துணியில், அது இல்லாவிட்டால் பழைய கம்பளித் துணியில், ஒரே வடிவத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றாக வெட்டுங்கள். பெரியதை அடியில் வைக்கவே எவருக்கும் தோன்றும். அப்படி வைத்தால் படிக்கட்டு போலத் தெரியும். சிறியதை முதலில் வைத்து, அதன்மேல் நடுத்தரம், எல்லாவற்றையும் மூடப் பெரியது என்று சிறு தையல்களால் பிடியுங்கள். மேற்பரப்பு வழுவழுப்பாக வளைந்து வரும். அதன்மேல் நெருக்கமாக நூலை நிரப்புங்கள்.

கம்பி வைத்த இலைதான் இந்தக் கலையின் உயிர். அது தனித் துணியில் தைத்து வெட்டியெடுத்துப் பின்னர் பொருத்தப்படுவது. இலை பச்சையென்றால் பச்சைத் துணியையே எடுங்கள். வெட்டிய ஓரத்தில் இழை தெரிந்தாலும் கண்ணுக்குப் படாது. துணியை வளையத்தில் மேளத்தோல் போல இழுத்துப் பூட்டுங்கள். உள்வளையத்தில் ஒரு நாடாத் துணியைச் சுற்றினால் வழுக்காது. ஓர் அங்குல நீளத்தில் இலையை வரைந்து, கம்பியை அடியிலிருந்து தொடங்கிக் கோட்டின் மேல் வளைத்து, மீண்டும் அடிக்கே கொண்டு வாருங்கள். இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் வால் விடவேண்டும். சிறிது தூரத்துக்கு ஒரு தையலாகக் கம்பியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, பின்னர் கம்பி சற்றும் தெரியாதபடி பொத்தான்துளைத் தையலால் சுற்றிவர மூடுங்கள். தையலின் முடிச்சு விளிம்பு வெளிப்பக்கமே இருக்க வேண்டும். உள்ளே நீளமும் குட்டையுமான தையல்களால் நிரப்பி, இளநிறத்தில் நடு நரம்பை இடுங்கள்.

வெட்டும் வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். கம்பியின் ஓரத்தை ஒட்டி, தையலைத் தொடாமல், மெதுவாக வெட்டுங்கள். ஒரு தையல் அறுந்தால் அந்த இடம் முழுவதும் கழன்றுவிடும். அவசரம் உள்ள நாளில் இதைத் தொடவே வேண்டாம். பிறகு முக்கிய துணியில் சாக்கு ஊசியால் துளையிட்டு, இரு வால்களையும் உள்ளே செலுத்தி, பின்பக்கம் இலையின் அடியிலே மறையும்படி மடித்துத் தைத்து, மிஞ்சியதை வெட்டிவிடுங்கள். கடைசியாக விரலால் இலையை வேண்டியபடி வளைக்கலாம். பழகாத கைக்கு இப்படி ஓர் இலை முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும்.

வளையத்தைக் கையில் பிடித்தபடிதான் தைக்க வேண்டும் என்பதில்லை. மேசை விளிம்பில் இறுக்கியால் பூட்டிவிட்டால் இரு கைகளும் விடுபடும். யுத்தத்தில் ஒரு கையை இழந்த சகோதரிகளும் இவ்வாறு தைக்கலாம். ஊசியை மேலிருந்து குத்திவிட்டு, அதே கையைக் கீழே கொண்டுபோய் இழுத்து, திரும்பக் கீழிருந்து குத்த வேண்டும். நேரம் கூடும். ஆனால் தையலின் நேர்த்தியில் வித்தியாசம் வராது. ஊசியில் நூல் கோப்பதற்கு மட்டும் ஒருவர் பக்கத்தில் இருந்து, காலையில் பத்து ஊசிகளைக் கோத்து வைத்துவிட்டால் போதும்.

இதனால் வருமானம் வருமா என்ற கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். உடனே வராது. இயந்திரத்தில் அடித்த பூவின் விலைக்கு இதை விற்க முற்பட்டால் உங்கள் உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நூலின் விலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு மணித்தியாலங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எங்கள் பெண்களிடம் உள்ள பழைய வழக்கம். கொள்வனவு செய்ய வருபவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். பெரிய படங்களை விடச் சிறு வேலைகளே கைகொடுக்கும்: சேலையில் குத்தும் புறோச், கூந்தல் கிளிப், உள்ளங்கையளவு சட்டப்படம். ஒரே பூவை நாலு பேர் பகிர்ந்து, ஒருவர் இலை, ஒருவர் இதழ், ஒருவர் பொருத்துதல் என்று செய்தால் கை வேகமும் கூடும், பேச்சுத்துணையும் இருக்கும்.

முடித்த வேலையைத் தண்ணீரில் போடக் கூடாது. ஈரம் பட்டால் கம்பி துருப்பிடித்து நூலில் கறையேறும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அடிக்கடி தோய்க்கும் உடுப்பில் நேரடியாகத் தைக்காமல், கழற்றக்கூடிய புறோச்சாகச் செய்து குத்துங்கள். குழந்தைகளின் சட்டையில் கம்பி வைத்த இலை வேண்டாம். அவர்களுக்குக் குண்டூசியில் நெய்த பூவே போதும், நெய்து முடித்ததும் குண்டூசியை எடுத்துவிட்டீர்களா என்று துணியின் இரு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.