காபிக்கு முன்னால் ஒரு மாத்திரை

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். முகம் உப்பி, பேச்சு மந்தமாகி, குளிர் தாங்காமல் கிடந்த அந்தப் பெண் சில மாதங்களில் தேறினார். பின்னர் அந்தச் சாற்றைக் குடித்தே 74 வயது வரை வாழ்ந்தார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. அந்தச் சாற்றிலிருந்த தைராக்சின் என்ற ஹார்மோனை 1914இல் அமெரிக்காவின் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்தார். 1927இல் அது ஆய்வகத்திலேயே தயாரானது. இன்று அது கடுகளவு மாத்திரை. அதைக்கூட நாம் ஒழுங்காக விழுங்குவதில்லை.

தைராய்டு தொண்டையின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே இருக்கிறது. உடலின் ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அதன் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. அதை வேலை வாங்குவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. ஆள் மெத்தனமாக இருந்தால் மேஸ்திரி குரலை உயர்த்துவார் அல்லவா? அந்தக் குரல்தான் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் டிஎஸ்எச். அது ஏறியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள்.

தைராய்டு குறைவுக்குக் காரணம் என்றதும் அயோடின் பற்றாக்குறை நினைவுக்கு வரும். 1950களில் இமயமலை அடிவாரத்தின் காங்கரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் சகாக்களும் ஊர்களைப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் கலந்த உப்பும் மற்றவற்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன ஊர்களில் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியத் திட்டமே வந்தது. இப்போது ‘இயற்கை’ என்று சொல்லிக் கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடல் நீர் உப்பாகும்போது அதில் அயோடின் மிகச் சொற்பமே தங்குகிறது. பாக்கெட்டில் ‘அயோடின் சேர்க்கப்பட்டது’ என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆனால் அயோடின் உப்பு சாப்பிடும் வீட்டிலும் தைராய்டு குறைகிறதே? அங்கே பெரும்பாலும் குற்றவாளி நம் எதிர்ப்பு சக்திதான். அது சொந்தச் சுரப்பியையே அந்நியனாக எண்ணித் தாக்கி அழிக்கிறது. இந்த நோயை 1912இல் முதலில் விவரித்தவர் ஜப்பானின் ஹகாரு ஹாஷிமோட்டோ. பிறகு அவர் சொந்த ஊர் திரும்பிச் சாதாரண டாக்டராகவே வாழ்ந்து மறைந்தார். புகழெல்லாம் பின்னால் வந்தது. ஆண்களைவிடப் பெண்களையே இது பல மடங்கு அதிகம் தாக்குகிறது.

அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல், வறண்ட தோல், அதிக மாதவிடாய், ஏறும் கொழுப்பு, மறதி எல்லாம் குறைவின் அடையாளங்கள். எடையும் கூடும், ஆனால் பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நீர்ச்சத்தே அதிகம். இருபது கிலோவுக்குத் தைராய்டைக் குறை சொல்வது அநியாயம். அதிகம் சுரந்தால் கதை வேறு: நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு, படபடப்பு, கை நடுக்கம், சிலருக்குக் கண் பிதுங்கல். இதற்கு மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. அந்த மாத்திரைகளில் ஒன்றான கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலுடன் தொண்டை வலி வந்தால் அன்றே ரத்த அணுக்களைச் சோதிக்க வேண்டும்.

குறைவுக்குத் தைராக்சின் போதும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். நம் ஊரில் சிக்கலே இங்கேதான். மாத்திரையோடு காபி குடித்தால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்று 2008இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள். டிகாஷனுக்குச் சலுகை ஏதும் கிடையாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ‘டிஎஸ்எச் நார்மல், குணமாகிவிட்டது’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே சோதிக்க வேண்டும். நாலு நாளில் சோதிப்பது காசுக்குக் கேடு.

கர்ப்பம் உறுதியானதும் தைராக்சின் சாப்பிடும் பெண்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை தாயின் ஹார்மோனையே நம்பி வளர்கிறது. சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ குறைபாட்டோடோ பிறக்கின்றன. பார்த்தால் எதுவும் தெரியாது. குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தம் அதைக் காட்டிவிடும். இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். பிள்ளை பிறந்த மருத்துவமனையில் அந்தச் சோதனை நடந்ததா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள்.